நிலம் யார் கையில், வேலை யார் தலையில்: அமெரிக்கக் கண்டங்களின் வரலாறு – கேள்வி பதில்

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அமெரிக்க வரலாறு கொலம்பஸில் ஆரம்பித்து, பாஸ்டன் தேநீர்க் கலகத்தைத் தொட்டு, லிங்கனோடு முடிந்துவிடும். அதற்குத் தெற்கே இத்தனை நாடுகள் இருப்பது உலகக் கோப்பைக் கால்பந்து வரும்போதுதான் பலருக்கு ஞாபகம் வரும். இந்த முறை அந்த நாடுகளையும் சேர்த்துக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாடுகளில் எதைப் பற்றிப் படித்தாலும் நான் தேடுவது இரண்டு விஷயங்களை: நிலம் யார் கையில் இருந்தது, அதில் வேலை செய்தது யார். கீழே உள்ள பதில்கள் பலவும் அங்கேதான் போய் நிற்கும்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): சார், ஸ்பெயின் ஆண்ட பகுதி இன்று 18 நாடுகளாக இருக்கிறது. போர்ச்சுகல் ஆண்ட பிரேசில் மட்டும் எப்படி ஒரே நாடாக நின்றது?

பதில்: நல்ல இடத்தில் ஆரம்பித்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் தூண்டுகோல் ஒரே ஆள், நெப்போலியன்.

1808-இல் அவர் ஸ்பெயின் மன்னர் ஏழாம் ஃபெர்டினாண்டைப் பிடித்து அடைத்து வைத்தார். கடலுக்கு அப்பால் அமெரிக்கக் கண்டத்தில் இருந்த நகரங்களில் 'மன்னரே இல்லாதபோது யாருக்குக் கீழ்ப்படிவது?' என்ற குழப்பம் வந்தது. புவெனஸ் ஐரஸ், கராகஸ், பொகோட்டா, சான்டியாகோ என்று ஒவ்வொரு நகரமும் தனித்தனியாக ஆட்சிக்குழு அமைத்துக்கொண்டது. போர்ச்சுகல் அரச குடும்பமோ பிடிபடவில்லை. 1807 நவம்பரில் பிரிட்டிஷ் கடற்படையின் துணையோடு கப்பலேறி, அடுத்த ஆண்டு ரியோ டி ஜெனீரோவுக்கு வந்து இறங்கிவிட்டது. அமைச்சர்கள், கோப்புகள், கருவூலம் எல்லாம் கூடவே வந்தன. காலனியாக இருந்த ஊர் பேரரசின் தலைநகரம் ஆயிற்று. 1821-இல் மன்னர் ஜோவாவ் லிஸ்பன் திரும்பியபோது மகன் பெட்ரோவை விட்டுவிட்டுப் போனார். 1822 செப்டம்பர் 7 அன்று அந்த மகனே விடுதலையை அறிவித்தார். ஆளும் குடும்பம் மாறாமலே நாடு விடுதலை பெற்றுவிட்டது.

ஸ்பானிஷ் பகுதி அதற்கு முன்பே துண்டு துண்டாகத்தான் இருந்தது. மெக்சிகோ, பெரு, நியூ கிரனடா, ரியோ டி லா பிளாட்டா என்று நான்கு பெரிய அரசப் பிரதிநிதி ஆட்சிகள், அவற்றுக்குள் தனித்தனி நீதிமன்ற எல்லைகள். கீட்டோ நீதிமன்ற எல்லை பிறகு ஈக்குவடோர் ஆனது, சார்காஸ் எல்லை பொலிவியா ஆனது. படிப்பிலும் இதே கதை. லிமாவிலும் மெக்சிகோ நகரத்திலும் 1551-லேயே பல்கலைக்கழகம் வந்துவிட்டது, ஆளுக்கொரு ஊரில் படித்தார்கள். பிரேசிலில் பல்கலைக்கழகம் வைக்கவே போர்ச்சுகல் விடவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் போர்ச்சுகலில் உள்ள கோயிம்ப்ராவுக்குப் போய் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்துத் திரும்பினார்கள். வடக்கே பாராவில் ஒருவர், தெற்கே சாவ் பாவ்லோவில் ஒருவர் என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

இத்தனையும் சரிதான். ஆனால் என்னைக் கேட்டால் இவற்றைவிடப் பெரிய காரணம் பயம். பிரேசில் முழுவதும் நிலவுடைமையாளர்கள் அடிமைகளை வைத்திருந்தார்கள். நாடு உடைந்து சண்டை வந்தால் ஹைட்டியில் நடந்த அடிமைக் கிளர்ச்சி தங்கள் தோட்டத்திலும் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் தலைக்கு மேல் ஒரு சக்கரவர்த்தி இருக்கட்டும் என்று ஒத்துப்போனார்கள். ஒற்றுமை அமைதியாக வந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். தெற்கே ரியோ கிராண்டே டோ சுல் 1835 முதல் 1845 வரை பிரிந்து நின்று போரிட்டது. அதே காலத்தில் பாராவில் எழுந்த ஏழைகளின் கலகம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று அடக்கப்பட்டது.

கேள்வி (மேலே கேட்டவரே): அப்போது, ஸ்பானிஷ் நாடுகளை ஒன்று சேர்க்க நினைத்த விடுதலைத் தலைவர் பொலிவாரின் கனவு?

பதில்: வெனிசுவேலா, கொலம்பியா, ஈக்குவடோர், பனாமா சேர்ந்த கிரான் கொலம்பியாவை 1819-இல் உருவாக்கினார். 1830-இல் அது உடைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று சான்டா மார்ட்டா என்ற கடற்கரை ஊரில் 47 வயதில் இறந்துபோனார். விடுதலை பெற்ற நாடுகளைக் கூட்ட 1826-இல் பனாமாவில் அவர் ஏற்பாடு செய்த மாநாட்டுக்கும் பெரிய பலன் இல்லை. அந்த மாநாட்டுக்கு ஹைட்டியை அழைக்கவில்லை. அது ஏன் மனதை உறுத்துகிறது என்பது கீழே வருகிறது.

கேள்வி (வங்கி ஊழியர், சேலம்): ஹைட்டிதான் முதலில் அடிமைத்தனத்தை உடைத்த நாடு என்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை வறுமை? அவர்களுக்கு ஆளத் தெரியவில்லையா?

பதில்: ஆளத் தெரியவில்லை என்ற பேச்சைப் பல இடங்களில் கேட்கிறேன். கணக்கைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

1780-களில் சான் டொமாங் என்ற பெயரில் இருந்த இந்தப் பிரெஞ்சுக் காலனிதான் உலகத்திலேயே அதிக வருமானம் தந்த காலனி. ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போனது, சர்க்கரையிலும் பெரும் பங்கு. உழைத்தவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் அடிமைகள். கரும்பு ஆலையில் இரவு பகலாக வேலை. சாகிறவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்காவிலிருந்து புதியவர்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள்.

1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியில் கரும்புத் தோட்டங்கள் எரிந்தன. 13 வருடப் போர். பிரெஞ்சுப் படை, ஸ்பானிஷ் படை, பிரிட்டிஷ் படை மூன்றோடும் மோதினார்கள். தலைவர் தூசான் லூவெர்த்தூரை ஏமாற்றிப் பிடித்து, பிரான்ஸின் ஜூரா மலைக் கோட்டை ஒன்றில் அடைத்தார்கள். 1803 ஏப்ரலில் குளிரிலும் நோயிலும் அங்கேயே இறந்தார். அந்த ஆண்டு நவம்பரில் வெர்த்தியே என்ற இடத்தில் நெப்போலியன் அனுப்பிய படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று படைத்தலைவர் தெசாலின் விடுதலையை அறிவித்தார்.

அப்புறம்தான் கொடுமை. 1825-இல் பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்ல் போர்க்கப்பல்களை போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகத்துக்கு அனுப்பினார். கேட்டது 15 கோடி பிராங்க். எதற்கு? தோட்டக்காரர்கள் இழந்த சொத்துக்கு ஈடாக. அந்தச் 'சொத்து' என்பதில் அடிமைகளாக இருந்த மனிதர்களும் அடக்கம். தங்களை விடுவித்துக்கொண்டவர்கள் தங்களுக்கே விலை கொடுக்க வேண்டும் என்று பீரங்கி முனையில் கையெழுத்து வாங்கினார்கள்.

முதல் தவணை 3 கோடி. கையில் காசில்லை. பாரீஸ் வங்கியாளர்களிடமே 3 கோடி கடன் வாங்கச் சொன்னார்கள். அவர்கள் கமிஷன் கழித்துக்கொண்டு 2 கோடியே 40 லட்சம்தான் கொடுத்தார்கள். ஆக ஈட்டுத்தொகை ஒரு கடன், அதை அடைக்க வாங்கியது இன்னொரு கடன். 1838-இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனாலும் அந்தச் சங்கிலியில் வந்த கடன்கள் தீர்ந்தது 1947-இல். இடையில் 1914 டிசம்பரில் அமெரிக்கப் படைவீரர்கள் வந்து ஹைட்டி வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். மறு ஆண்டு நாட்டையே பிடித்து 1934 வரை வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடமும் சாலையும் கட்ட வேண்டிய காப்பி வரிப்பணம் நூறு வருடத்துக்கு மேல் கடல் கடந்து போனது. உள்ளூர் சர்வாதிகாரிகளின் பாவமும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆரம்பமே இப்படி என்றால் எந்த நாடு எழுந்து நிற்கும்?

பொலிவார் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பெயினிடம் தோற்று ஓடிவந்த அவருக்கு ஹைட்டி அதிபர் பெத்தியோன் 1816-இல் துப்பாக்கியும் கப்பலும் ஆட்களும் கொடுத்தார். பணம் கேட்கவில்லை. 'நீங்கள் விடுவிக்கும் மண்ணில் அடிமைகளை விடுதலை செய்யுங்கள்' என்பது ஒன்றே நிபந்தனை. பொலிவார் அந்த ஆண்டே அதற்கான ஆணையை வெளியிட்டார். ஆனாலும் வெனிசுவேலாவில் அடிமைத்தனம் முழுதாக ஒழிந்தது 1854-இல்தான். ஹைட்டி உதவி செய்து பத்து வருடம் கழித்து நடந்த பனாமா மாநாட்டில் ஹைட்டிக்கு நாற்காலி இல்லை. அமெரிக்கா ஹைட்டியை ஒரு நாடாக ஏற்றுக்கொண்டது 1862-இல், தன் தென் மாநிலங்கள் பிரிந்து போனபிறகு.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், சென்னை): அடிமைகள் அதிகம் போனது அமெரிக்காவுக்குத்தானே?

பதில்: இல்லை. அட்லாண்டிக் கடந்து உயிரோடு இறங்கியவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 7 லட்சம் பேர். அதில் இன்றைய அமெரிக்க மண்ணில் நேரடியாக இறங்கியவர்கள் 4 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. பிரேசிலில் இறங்கியவர்கள் ஏறத்தாழ 48 லட்சம். மீதிப் பேரில் பெரும்பகுதி கரீபியன் தீவுகளுக்குப் போனார்கள்.

ஆனால் 1860-இல் அமெரிக்காவில் 40 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். அங்கே குழந்தைகள் பிறந்து பிழைத்தன, எண்ணிக்கை பெருகியது. பிறக்கும் குழந்தையும் முதலாளியின் சொத்து என்ற சட்டம் அதை லாபமாக்கியது. சர்க்கரைத் தீவுகளிலும் பிரேசிலிலும் பிறப்பைவிட இறப்பு அதிகம். ஒருவரை வளர்த்தெடுப்பதைவிடப் புதிதாக வாங்குவது மலிவு என்று கணக்குப் போட்டார்கள்.

ரியோவில் வலோங்கோ என்ற பழைய துறை இருக்கிறது. மனிதர்களை இறக்கிய கற்படிகள் அங்கே மண்ணுக்கடியில் புதைந்து கிடந்தன. பேரரசரின் மணமகள் வந்து இறங்குவதற்காக 1843-இல் அதன் மேலேயே அலங்காரத் துறை கட்டி மூடினார்கள். ஒலிம்பிக்குக்காக ஊரைச் சீரமைக்கத் தோண்டியபோது 2011-இல் வெளியே வந்தது. இப்போது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். பிரேசில் அடிமைத்தனத்தை ஒழித்தது 1888 மே 13 அன்று. அமெரிக்கக் கண்டங்களில் கடைசி நாடு அதுதான்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தேனி): வட அமெரிக்கா பணக்கார நாடாகவும், தெற்கே ஏழை நாடுகளாகவும் ஆனதற்கு மதமும் பண்பாடும் காரணம் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: இல்லை, ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஆங்கிலேயர்கள், அதே புராட்டஸ்டன்ட் மதம் ஜமைக்காவிலும் இருந்தது. அங்கே கரும்பும் அடிமைத்தனமும்தான் மிஞ்சின. மதத்தை விட்டுவிட்டு மண்ணைப் பாருங்கள்.

ஸ்பானியர்கள் கால்வைத்த இடத்தில் வெள்ளி இருந்தது, வேலை வாங்க லட்சக்கணக்கான மக்களும் இருந்தார்கள். இன்றைய பொலிவியாவில் 4,000 மீட்டர் உயரத்தில் உள்ள போட்டோசி மலையில் 1545-இல் வெள்ளி கிடைத்தது. 1570-களில் அரசப் பிரதிநிதி தோலேதோ ஒரு முறை கொண்டுவந்தார். சுற்றியிருந்த மாகாணங்களில் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் சுரங்கத்துக்கு வந்தே ஆக வேண்டும். கோகா இலையை மென்றுகொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில், தாதுவை முதுகில் கட்டித் தோல் ஏணியில் ஏறினார்கள். வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம், அதன் நச்சு வேறு. இன்றும் அந்த மலைக்குள் வேலை நடக்கிறது. சுரங்கத்துக்குள் 'தீயோ' என்று கொம்பு வைத்த மண் உருவம் இருக்கும். தொழிலாளர்கள் அதன் வாயில் சிகரெட் பற்றவைத்து, மடியில் கோகா இலை போட்டு, உயிரோடு திரும்ப வேண்டிக்கொண்டு போவார்கள்.

வடக்கே மாசசூசெட்ஸில் வந்து இறங்கியவர்களுக்கு வெள்ளியும் இல்லை, கரும்பும் வளராது. தாங்களே உழ வேண்டியதாயிற்று. சிறு நிலம் வைத்திருந்தவர்கள் ஊர்க்கூட்டம் போட்டார்கள், பள்ளி கட்டினார்கள். அதே ஆங்கிலேயர்கள் தெற்கே தென் கரோலினாவில் நெல்லும் அவுரியும் போட வழி கிடைத்ததும் கரீபியன் தீவு மாதிரியே அடிமைத் தோட்டம் கட்டினார்கள். மனிதர்கள் மாறவில்லை, நிலம் மாறியது.

இரண்டு சட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பிரேசில், 1850 செப்டம்பர் 4: ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை. சரியாக இரண்டு வாரத்தில், செப்டம்பர் 18 அன்று நிலச் சட்டம்: அரசு நிலத்தை இனி காசு கொடுத்துத்தான் வாங்க முடியும், குடியேறிப் பயிரிட்டு உரிமை கோர முடியாது. விடுதலையாகப் போகிறவர்களும், ஐரோப்பாவிலிருந்து வரப்போகும் ஏழைகளும் சொந்த நிலம் பெற்றுவிட்டால் காப்பித் தோட்டத்துக்கு ஆள் கிடைக்காதே. இப்போது அமெரிக்கா, 1862 ஹோம்ஸ்டெட் சட்டம்: 160 ஏக்கரில் ஐந்து வருடம் குடியிருந்து பயிரிட்டால், சிறு பதிவுக் கட்டணத்தோடு நிலம் உனக்கே. சுமார் 16 லட்சம் பேர் இப்படி நிலம் பெற்றார்கள். 12 வருட இடைவெளியில் இரண்டு பெரிய நாடுகள் எதிரெதிர் திசையில் போயின.

அந்த 160 ஏக்கர் யாருடையது என்பதையும் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். அது லகோட்டா, செயென், பானி பழங்குடி மக்களின் நிலம். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கும் அதில் கிடைத்தது மிகக் குறைவு. அதே காலத்தில் அர்ஜென்டினாவும் ரோக்கா தளபதி தலைமையில் தெற்கே படையெடுத்துப் பழங்குடி நிலத்தைப் பிடித்தது. ஆனால் அது சிறு விவசாயிகளுக்குப் போகாமல் பெரும் பண்ணைகளாக ஆனது. பறித்தது இரண்டு இடத்திலும் ஒன்றுதான், பங்கு போட்டதில்தான் வித்தியாசம்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, யாழ்ப்பாணம்): சில நூறு ஸ்பானியர்கள் ஆஸ்டெக், இன்கா என்ற இரண்டு பேரரசுகளை வீழ்த்தியது எப்படி? பிள்ளைகளுக்குக் குதிரை, துப்பாக்கி என்றுதான் சொல்லிவருகிறோம்.

பதில்: டீச்சர், குதிரையும் எஃகு வாளும் உதவின. ஆனால் 1521-இல் ஆஸ்டெக் தலைநகர் தெனோச்டிட்லானை முற்றுகையிட்டவர்களில் பெரும்பாலானவர்கள் ஸ்பானியர்களே இல்லை. ஆஸ்டெக்குகளுக்குக் கப்பம் கட்டிச் சலித்த தலாஸ்கலா மக்களும் மற்றவர்களும் பல்லாயிரக்கணக்கில் ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸ் பக்கம் நின்றார்கள். முந்தின ஆண்டே பெரியம்மை நகருக்குள் புகுந்துவிட்டது. மொக்தெசூமாவுக்குப் பின் வந்த அரசர் குயித்லாவாக் அதில்தான் இறந்தார். இன்காவில் 168 பேரோடு பிசாரோ 1532-இல் காகாமார்க்காவுக்கு வந்தபோது, அண்ணன் தம்பி அரியணைச் சண்டை அப்போதுதான் முடிந்து நாடு களைத்துக் கிடந்தது.

பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அது ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. வில்கபாம்பா காட்டில் இன்கா அரசு 1572 வரை தாக்குப்பிடித்தது. 1780-இல் குஸ்கோ அருகே இரண்டாம் தூபாக் அமாரு எழுப்பிய கிளர்ச்சியில் ஆண்டிஸ் மலைத்தொடரே அதிர்ந்தது. இன்கா மக்களின் கெச்சுவா மொழியை இன்றும் பல லட்சம் பேர் பேசுகிறார்கள்.

கேள்வி (லாரி உரிமையாளர், நாமக்கல்): பொலிவியாவுக்குக் கடலே கிடையாது, கடற்படை மட்டும் இருக்கிறதாமே? உண்மையா அண்ணா?

பதில்: உண்மைதான். 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள டிடிகாகா ஏரியிலும் ஆறுகளிலும் ரோந்து போகிறார்கள். கடல் அவர்களுக்கு இருந்தது, போரில் பறிபோனது.

அட்டகாமா பாலைவனத்தில் வெடியுப்பு கிடைத்தது. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் ஐரோப்பா அதை அள்ளிக்கொண்டிருந்தது. பொலிவியாவின் கடற்கரையில் தோண்டியது சிலி நிறுவனம், அதில் பிரிட்டிஷ் முதலீடும் உண்டு. 1878-இல் ஒரு குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி போட்டது பொலிவியா. நிறுவனம் கட்ட மறுத்தது, 1879 பிப்ரவரியில் சிலிப் படை அந்தோபகாஸ்தா துறைமுகத்தில் இறங்கியது. பெரு, பொலிவியாவோடு ரகசிய ஒப்பந்தம் செய்திருந்ததால் அதுவும் சிக்கியது. லிமா நகரத்தையே சிலி பிடித்தது. பொலிவியா கடற்கரை முழுவதையும் இழந்தது, பெரு தாராபகா மாகாணத்தை இழந்தது.

மார்ச் 23-ஐ பொலிவியர்கள் கடல் தினமாக அனுசரிக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூட ஊர்வலம் போவார்கள். வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போனது. கடல்வழி குறித்துப் பேச்சுவார்த்தை நடத்தச் சிலிக்குச் சட்டக் கடமை இல்லை என்று 2018-இல் தீர்ப்பு வந்துவிட்டது. சரக்கு அனுப்ப இன்றும் ஆண்டிஸைத் தாண்டி சிலியின் அரிகா துறைமுகத்துக்கு லாரிகள் போகின்றன. உங்கள் தொழிலில் இருப்பவருக்கு அந்தச் செலவு புரியும்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், டொராண்டோ): கனடா ஏன் 1776-இல் அமெரிக்காவோடு சேரவில்லை? போராடாமல் எப்படி விடுதலை பெற்றது?

பதில்: அமெரிக்கர்கள் 1775-இல் படையோடு வந்து கூப்பிட்டார்கள். மொன்றியலைப் பிடித்தார்கள், கியூபெக் நகரில் பனிப்புயலுக்கு நடுவே ஆண்டின் கடைசி நாளில் தோற்றார்கள். பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்களுக்கு 1774 கியூபெக் சட்டம் அவர்கள் மதத்தையும் குடிமைச் சட்டத்தையும் உறுதி செய்திருந்தது. பாஸ்டன்காரர்கள் அந்தச் சட்டத்தையே கொடுமை என்று திட்டினார்கள். அப்படிப்பட்டவர்களோடு ஏன் சேர வேண்டும்? போர் முடிந்ததும் மன்னருக்கு விசுவாசமான பல்லாயிரம் பேர் வடக்கே வந்து குடியேற, கனடா இன்னும் உறுதியாக விலகி நின்றது.

பிறகு படிப்படியாக: 1867-இல் கூட்டாட்சி, 1931-இல் சட்டம் இயற்றும் சுதந்திரம், 1982-இல்தான் அரசியலமைப்பைத் தானே திருத்தும் உரிமை. விடுதலைப் போர் நடக்கவில்லை என்பதால் வன்முறையே இல்லை என்று எண்ண வேண்டாம். பழங்குடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் அடித்த உறைவிடப் பள்ளிகளில் கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களில்.

கேள்வி (வாசகர், கோவை): கலிபோர்னியா ஒருகாலத்தில் மெக்சிகோவா?

பதில்: ஆமாம். டெக்சாஸ், நெவாடா, யூட்டா, அரிசோனாவின் பெரும்பகுதி, நியூ மெக்சிகோ எல்லாமே. மெக்சிகோ 1829-இல் அடிமைத்தனத்தை ஒழித்தது. டெக்சாஸில் குடியேறியிருந்த அமெரிக்கப் பருத்தித் தோட்டக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1836-இல் பிரிந்தார்கள், அதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1846–48 போரில் மீதியும் போயிற்று. ஒப்பந்தம் கையெழுத்தானது 1848 பிப்ரவரி 2. கலிபோர்னியாவில் தங்கம் கண்ணில் பட்டது அதற்கு ஒன்பது நாள் முன்பு, மெக்சிகோவுக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஊழியர், மதுரை): லத்தீன் அமெரிக்காவில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அமெரிக்காவைக் குற்றம் சொல்வது சரியா?

பதில்: எல்லாவற்றுக்கும் சொல்வது தவறு. பராகுவேயை நாசமாக்கிய 1864–70 போரை நடத்தியவர்கள் பிரேசிலும் அர்ஜென்டினாவும் உருகுவேயும் பராகுவேயும்தான். அந்தப் போரில் பராகுவேயின் வயதுவந்த ஆண்களில் பெரும்பாலானவர்கள் செத்துப்போனார்கள். அங்கே இன்றும் குவரானி மொழி வீட்டிலும் சந்தையிலும் கோலோச்சுவது ஆறுதலான செய்தி. பழங்குடி அல்லாதவர்களும் ஒரு பழங்குடி மொழியை இந்த அளவு பேசும் நாடு அந்தக் கண்டங்களில் வேறில்லை.

ஆனால் குவாதமாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தலில் வென்று வந்த அர்பென்ஸ் 1952-இல் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தார். தரிசாகக் கிடந்த பெரும் பண்ணை நிலத்தை எடுத்துக் கூலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சட்டம். மிகப் பெரிய நிலவுடைமையாளர் அமெரிக்க வாழைப்பழ நிறுவனமான யுனைடெட் ஃப்ரூட். வரி குறைவாகக் கட்டுவதற்காக நிலத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தார்கள். அரசு அதே மதிப்பில் இழப்பீடு தருகிறோம் என்றதும் பல மடங்கு கேட்டார்கள். 1954 ஜூனில் சி.ஐ.ஏ. ஏற்பாடு செய்த படையெடுப்பில் அர்பென்ஸ் பதவி இழந்தார். கொடுத்த நிலம் திரும்பப் பறிக்கப்பட்டது. 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மை ஆணையத்தின் கணிப்பில் கொல்லப்பட்டவர்களும் காணாமல்போனவர்களும் 2 லட்சத்துக்கு மேல், பெரும்பாலும் மாயன் மக்கள். இங்கே யாரைக் குற்றம் சொல்வது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பக்கத்திலேயே கோஸ்டா ரிகா 1948-இல் ராணுவத்தையே கலைத்துவிட்டு, அந்தப் பணத்தைப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் திருப்பியது.

கேள்வி (இல்லத்தரசி, காரைக்கால்): எங்கள் ஊரிலிருந்து அந்தப் பக்கம் ஆட்கள் போனதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அது எந்த நாடு?

பதில்: குவாதலூப், மார்த்தினிக் என்ற இரண்டு பிரெஞ்சுத் தீவுகள் அம்மா. 1848-இல் பிரான்ஸ் அங்கே அடிமைத்தனத்தை ஒழித்தது. விடுதலையானவர்கள் பழைய முதலாளியின் கரும்புக்கொல்லைக்குத் திரும்ப மனமில்லாமல் விலகினார்கள். கூலியை உயர்த்துவதற்குப் பதிலாக முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். 1853-இல் முதல் கப்பல் மார்த்தினிக்கை அடைந்தது, 1854-இல் குவாதலூப். 1880-கள் வரை மார்த்தினிக்குக்கு 25,000 பேர், குவாதலூப்புக்கு 42,000 பேர் அளவில் போனார்கள். எல்லாரும் தமிழர் இல்லை, ஆனால் தமிழர் நிறைய.

மொழி மறைந்துவிட்டது, மாரியம்மன் மறையவில்லை. 'மாலியெமென்' என்று கும்பிடுகிறார்கள், கிடா வெட்டுகிறார்கள். மல்லியும் மஞ்சளும் சேர்ந்த மசாலாப் பொடிக்கு அங்கே 'கொலொம்போ' என்று பெயர், அதில் வைக்கும் குழம்பு தீவு முழுக்க எல்லாருடைய விருந்துச் சாப்பாடும்கூட. சென்னையிலிருந்து போன கட்டம்போட்ட துணி 'மெட்ராஸ்' என்ற பெயரிலேயே பெண்களின் பாரம்பரிய உடையானது. இந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அங்கேயே பிறந்தும் பிரெஞ்சுக் குடியுரிமை மறுக்கப்பட்டது. ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-இல் வழக்கைத் தொடங்கி, 1923 வரை விடாமல் நின்று ஓட்டுரிமை வாங்கிக் கொடுத்தார்.

கேள்வி (மாணவர், தூத்துக்குடி): கடைசியாக ஒன்று. அங்கே இன்னும் காலனிகள் இருக்கின்றனவா?

பதில்: காலனி என்ற பெயரில் சொல்ல மாட்டார்கள். குவாதலூப், மார்த்தினிக், பிரெஞ்சு கயானா மூன்றும் 1946 முதல் பிரான்ஸின் மாவட்டங்கள். கயானாவில் யூரோ புழங்குகிறது, ஐரோப்பாவின் ராக்கெட்டுகள் அங்குள்ள கூரூவிலிருந்து பறக்கின்றன.

எனக்கு அதிகம் உறுத்துவது புவெர்ட்டோ ரிகோ. 1898-இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்டது. 1917 முதல் அங்கு பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள், அமெரிக்கப் போர்களில் போய்ச் செத்திருக்கிறார்கள். ஆனால் தீவில் வாழும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டு கிடையாது. காங்கிரசுக்கு ஒரு பிரதிநிதி போகிறார், மசோதா நிறைவேறும் வாக்கெடுப்பில் அவரும் ஓட்டுப்போட முடியாது. அதே ஆள் விமானம் ஏறி ஃபுளோரிடாவில் போய்க் குடியேறிவிட்டால் இரண்டு ஓட்டும் வந்துவிடும்.